திருக்கைத் தோலால் தேய்த்த கம்பி

டெரன்ஸ் அந்தப் பெட்டியைத் திறந்தபோது நான் அவனுக்கு நேர் எதிரே, பிரம்பு நாற்காலியின் நுனியில் இருந்தேன். சனிக்கிழமை பின்னேரம். எங்கள் வேதக் கோயில் பாட்டுப் பழக்கம் அவர்கள் வீட்டு முன் விறாந்தையில்தான் நடக்கும். ஆற்றங்கரை வீடு. வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

பெட்டிக்குள் நான்கு கடதாசி உறைகள் இருந்தன. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு கம்பிச் சுருள். சுருளின் நுனியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. புதுத் தையல் இயந்திரத்தைத் திறந்தால் வருமே ஒரு எண்ணெய் வாசம், அது விறாந்தை முழுக்கப் பரவியது. டெரன்ஸ் ஒன்றை வெளியே எடுத்து என் கையில் தந்தான். விரலால் நீவிப் பார்த்தேன். கம்பியில் சுற்று இருப்பதே தெரியவில்லை. கண்ணாடியைத் தடவியது போல வழுக்கிக்கொண்டு போனது.

அவன் அங்கேயே இருந்து நான்கையும் தன் பேஸ் கிட்டாரில் பூட்டினான். பூட்டி, சுருதி சேர்த்து, இடது கையைக் கழுத்தின் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுவையாக இழுத்தான். விரல் உரசும் கீச்சு ஒன்றுமே இல்லை. பிறகு நாங்கள் பழகிக்கொண்டிருந்த பாட்டின் முதல் வரியை வாசித்தான். விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்ற ரெஜினா, பாட்டுக் கொப்பியை மூடிவிட்டு அவன் கையைப் பார்த்தாள்.

“சத்தம் மாதிரியே இல்ல,” என்றாள். “ஆரோ மெள்ள நடந்து வாற மாதிரிக் கிடக்கு.”

கோயிலில் அவள் பாட, அவளுக்குப் பின்னால் நின்று நான் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். என் வாசிப்பைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொன்னதில்லை.

எனக்கு வந்தது எரிச்சல். நாகரிகமாகப் பொறாமை என்று எழுதலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை எரிச்சல் என்றுதான் சொல்வோம். வயிற்றுக்குள் நடப்பதும் அதுதான்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் வேலை செய்த நெல் ஆலை முதலாளியின் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு என் மனைவி, “இதுவும் எரிச்சல் கதைதானே, உங்களுக்கு வேற கதையே இல்லையா” என்று கேட்டாள். இல்லை. இந்த வாரமும் அதுதான்.

உருட்டும் தட்டையும்

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு பெட்டிக் கம்பிக்காக ஏன் இந்த மனிதன் இப்படிக் கிடந்து அழுகிறான் என்று நினைப்பீர்கள்.

பேஸ் கிட்டாருக்கு நாலே நாலு கம்பி. எல்லாம் தடித்தவை. உள்ளே ஒரு நடுக்கம்பி ஓடும். அதன் மேலே இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட். தொட்டால் கயிற்றைத் தொட்டது போல நெளிநெளியாக இருக்கும். விரலை நகர்த்தினால் கீச்சென்று கத்தும். சுற்றுக் கம்பியைத் தட்டையாக, நாடா சுற்றியது போலச் சுற்றினால் அது பிளாட். கத்தாது. ‘தும்’ என்று ஒரு உருண்ட சத்தம், உடனே அடங்கிவிடும். ரவுண்ட் கம்பி சில மாதங்களில் செத்துப்போகும். பிளாட் கம்பி பழசாகப் பழசாகத்தான் இனிக்கும் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் சொல்ல முடியும். எங்களில் யாரும் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். கொச்சிக்காய் என்கிற மிளகாயும் வெங்காயமும் உள்ளூரில் விளைந்தால்தான் உண்டு. அதில் பேஸ் கம்பியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? இருந்த கம்பியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்தோம். உடுப்புத் தோய்க்கும் சோடாவைப் போட்டு, பானையில் கம்பியை அவிப்போம். வேர்வையும் ஊத்தையும் கழன்று இரண்டு வாரம் நன்றாகப் பாடும். மறுபடி ஆற்றுக் காற்றும் கடற்காற்றும் சேர்ந்து அதைக் கொல்லும். மறுபடி பானை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலையில் அடுப்பில் ஏதாவது கொதித்தால், “சோறா, கம்பியா?” என்று அப்பா கேட்பார்.

அதற்கும் முந்திய காலம் ஒன்று இருந்தது. கல்யாண வீடுகளில் பைலா பாடும்போது, தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் நடுவில் ஒரு துளை போட்டு, தூண்டில் நரம்பைக் கட்டி, மறு நுனியை வீடு கூட்டும் தும்புத்தடியில் இழுத்துப் பிடித்து வாசிப்பார்கள். தடியைச் சாய்த்தால் சத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். நான் முதன்முதல் வாசித்த பேஸ் அதுதான். டெரன்ஸும் அதைத்தான் வாசித்தான். அதிலும் அவன்தான் நன்றாக வாசித்தான் என்பதை இங்கே சொல்லாமல் விடலாம், ஆனால் மனம் கேட்கவில்லை.

நல்லவன் ஒருவன்

டெரன்ஸ் பறங்கிக் குடும்பம், போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலை செய்தவர்கள். இவன் மட்டும் லொறி திருத்தும் கராஜுக்குப் போனான். தாயோடு போர்த்துக்கேயம், எங்களோடு தமிழ். அவனுடைய மாமா கப்பலில் வேலை செய்தார். பேஸ், அம்பிளிபயர், கடைசியாக அந்தக் கம்பிப் பெட்டி எல்லாம் அவர் கொண்டுவந்து இறக்கியவை. எனக்கும் ஒரு மாமா இருந்தார். அவர் மண்டூரில் வயல் செய்தார். அவரிடமிருந்து பச்சையரிசி வரும்.

ஒருவன்மேல் நிம்மதியாக எரிச்சல்பட வேண்டுமென்றால் அவன் கொஞ்சம் கெட்டவனாக இருக்க வேண்டும். பெருமை பேச வேண்டும், கஞ்சனாக இருக்க வேண்டும். டெரன்ஸ் அந்த உதவியைக்கூட எனக்குச் செய்யவில்லை. அன்று பழக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பூட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

“உன்ட பேஸுக்குத்தான் மச்சான் இது பொருந்தும்,” என்றான். “என்ட பலகைக் கிட்டாருக்கு எந்தக் கம்பியெண்டாலும் போதும். கொண்டா, போட்டுப் பாப்பம்.”

என்னுடையது வயலின் வடிவம். உள்ளே வெறும் கூடு. தூக்கினால் பாரமே இல்லை. கழுத்துக் குட்டை. அவனுடையது முழுப் பலகையில் வெட்டியது, கழுத்து நீளம். பிளாட் கம்பியின் உருண்ட சத்தம் கூடு வைத்த பேஸில்தான் நன்றாக ஊறி வரும் என்பது உண்மை. எனக்கும் அது தெரியும். அவன் சொல்லி முடிக்க முதலே என் பேஸை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

ஆனால் கம்பியிலும் நீளக் கழுத்துக்கு ஒன்று, குட்டைக் கழுத்துக்கு ஒன்று என்று உண்டு. தடித்த கம்பியை என் பேஸின்மேல் நீட்டி வைத்துப் பார்த்தான். சிவப்பு நூல் சுற்றிய மெல்லிய நுனிதான் முறுக்காணியில் சுற்ற வேண்டும். என் கழுத்துக் குட்டை என்பதால் நூல் தொடங்கும் இடம் ஆணியைத் தாண்டி வெளியே நின்றது. தடித்த பகுதியை ஆணியில் வளைத்துச் சுற்றினால் அந்தத் தட்டை நாடா வெடித்துப் பிரிந்துவிடும்.

“தடிச்ச ரெண்டும் வராது,” என்றான். உண்மையாகவே கவலைப்பட்டான். அந்தக் கவலையைப் பார்த்து எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

காலடி மண்

வீட்டுக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் குடையை மறந்தது நினைவு வந்து திரும்பினேன். டெரன்ஸின் தாய் லில்லி அன்ரி முற்றத்தில் குனிந்து நின்றார். கையில் ஒரு சிரட்டை. மணலில் பதிந்திருந்த செருப்பு அடையாளத்திலிருந்து மண்ணைக் கிள்ளிச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணூறு கழிப்பதற்கு யாருடைய கண் பட்டதோ அவருடைய காலடி மண் வேண்டும். செத்தல் மிளகாய், உப்பு, அந்த மண் மூன்றையும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் கமறினால் கண்ணூறு இல்லை. கமறாமல் எரிந்தால் கண்ணூறு பலமாகப் பட்டிருக்கிறது என்று பொருள். பிள்ளைகளுக்குச் செய்வார்கள், பால் மாட்டுக்குச் செய்வார்கள். பேஸ் கிட்டாருக்கு அன்றுதான் கண்டேன்.

அன்ரி என்னைக் கண்டு கொஞ்சமும் கூசவில்லை. “உன்னச் சொல்லல்ல மனே,” என்றார். “வந்த எல்லார்ட காலடி மண்ணும் எடுக்கிறன்.”

முற்றத்தை அன்று பின்னேரம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். கடைசியாகப் போனவன் நான். அந்த முற்றத்தில் இருந்தது என் செருப்பு அடையாளம் ஒன்றுதான். குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். மிளகாய் கமறியதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சுவாமியாரும் எலிகளும்

இதெல்லாம் வெறும் கம்பி ஆசையோடு முடிந்திருக்கும். கோயில் பெருநாள் வந்துதான் விடயத்தைப் பெரிதாக்கியது.

லத்தீனில் இருந்த பூசை தமிழில் ஆகிச் சில வருடங்கள்தான். கிட்டார் கோயிலுக்குள் நுழைந்ததும் அதன் பின்னால்தான். எங்கள் பங்குச் சுவாமியாருக்குக் கிட்டாரோடு பகை இல்லை. ஆனால் அந்தக் கீச்சு அவரால் தாங்க முடியாதது. பூசை உடுப்பு வைக்கும் அறையில் அப்போது எலித் தொல்லை. பாடகர் மாடத்தில் நான் விரலை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும், அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் அவருக்கு எலி உடுப்பை அரிக்கிற நினைவு வருகிறதாம்.

அந்த முறை பெருநாள் பூசைக்கு ஆயர், எங்கள் பேச்சில் மேற்றிராணியார், வருவதாக இருந்தது. சுவாமியார் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு கீச்சுக் கேட்டாலும் பெருநாளோடு எல்லாக் கிட்டாரும் வெளியே போகும், ஆர்மோனியம் ஒன்றே போதும் என்றார். பேஸ் ஒருவர்தான் வாசிக்க வேண்டும். யார் என்பதைத் தானே கேட்டுத் தீர்மானிப்பதாகவும் சொன்னார். அதுவரை கோயிலில் பேஸ் வாசித்தது நான். டெரன்ஸ் கல்யாண வீடுகளில் வாசிப்பவன். இப்போது கத்தாத கம்பி அவனிடம் இருந்தது. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினாவும் பார்த்தாள்.

அந்தப் பெருநாளை நான் விடுவதாக இல்லை. மேற்றிராணியார் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். மாடத்தில் ரெஜினாவுக்குப் பின்னால் நிற்கும் அந்த இடம் என்னுடையது.

பனிச்சங்கேணியிலிருந்து வந்த தோல்

டெரன்ஸின் தாத்தாவுடைய தச்சுப் பெட்டியில் ஒரு பழைய திருக்கை மீன் தோல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அரத்தாள் கிடைக்காதபோது மரத்தை அதால்தான் தேய்ப்பார்களாம். காய்ந்த திருக்கைத் தோல் சொரசொரவென்று இருக்கும். கையில் உரசினால் சீவிவிடும். மரத்தை வழுவழுப்பாக்குவது கம்பியை ஆக்காதா என்று எனக்குத் தோன்றியது.

பனிச்சங்கேணியிலிருந்து எங்கள் ஆலைக்கு நெல் கொண்டுவரும் ஒருவர் மீனும் பிடிப்பார். அவரிடம் சொல்லி வைத்தேன். அடுத்த தடவை நெல் மூட்டைக்கு மேலே வைத்து ஒரு தோல் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டார். மரவேலை என்றேன்.

பிறகு கிணற்றடியில் என் வேலை தொடங்கியது. பழைய ரவுண்ட் கம்பியைச் சோடாவில் அவித்து, காய வைத்து, மரக்கட்டையில் ஆணி அடித்து இழுத்துக் கட்டுவேன். இரண்டு துண்டுத் தோலுக்கு நடுவே கம்பியைப் பிடித்து நீளவாக்கில் இழுப்பேன். உருண்டைச் சுற்றின் முதுகு மெல்ல மெல்லத் தேய்ந்து தட்டையாகும். கையெல்லாம் கருநிறத் தூள். ஆலையில் வேலை முடிந்து வந்து பொழுது படும் வரைக்கும் அதே வேலைதான். அம்மா, இவனுக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். செய்தவன் டெரன்ஸ் என்று சொல்ல நினைத்தேன்.

மற்ற மூன்றும் சீக்கிரம் அடங்கிவிட்டன. தடித்த பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது கம்பிதான் விடாமல் கத்தியது. அதன்மேல் எனக்கு ஒரு வன்மமே வந்துவிட்டது. மற்றவற்றைத் தேய்த்ததைவிட அதை அதிகம் தேய்த்தேன்.

கடைசியில் பூட்டி வாசித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கீச்சு இல்லை. சத்தம் பிளாட் போல முழுசாக உருளவில்லைதான். ஆனால் அந்தக் கூட்டுக்குள் ஊறி, தணிந்து, பக்குவமாக வந்தது. சந்தோசத்தில் அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இரண்டாவதாக வாசித்தவர்

சுவாமியார் பீடத்துக்கு முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். நாங்கள் பின்னால் மேலே, பாடகர் மாடத்தில். முதலில் டெரன்ஸ் வாசித்தான். கீச்சு இல்லை, கம்பி அந்த மாதிரி. ஆனால் நீளக் கழுத்தும் முழுப் பலகையும் சேர்ந்து தந்த அந்தக் கனத்த சத்தம் கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விறாந்தையில் யாரோ மெல்ல நடந்து வந்ததைப் போல இருந்த சத்தம், கோயிலுக்குள் யானை நடந்தது போல ஆகிவிட்டது.

பிறகு நான். முழுக் கோயிலுக்குள்ளும் என் சத்தம் அளவாக நின்றது.

சுவாமியார் திரும்பாமலே, “ரெண்டாவதா வாசிச்ச பிள்ளை வாசிக்கட்டும்” என்றார்.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வசனம் ஒன்றை எந்தச் சுவாமியாரும் எனக்குச் சொன்னதில்லை. ரெஜினா பக்கம் பார்த்தேன். அவள் கொப்பியில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியதும் டெரன்ஸ் என் பேஸை வாங்கிப் பார்த்தான். நகத்தால் ஒவ்வொரு கம்பியாக நீவினான். மூன்றாவதில் நிறுத்தினான்.

“மூண்டாவதக் கனக்கத் தேச்சிட்டாய் மச்சான். சுத்து மெலிஞ்சுபோச்சு. பெருநாளுக்கு முதல் மாத்து. என்ட மூண்டாவதக் கழட்டித் தாறன், அது மெல்லிசு, உன்ட ஆணியில சுத்தினாலும் தாங்கும்.”

நான் வேண்டாம் என்றேன். தோற்றுப்போன டெரன்ஸ் வேறு என்ன சொல்வான்? என் நான்கு கம்பியும் ஒரே குரலில் பாடுகின்றன; அதைக் கெடுக்கப் பார்க்கிறான். அவனுக்கும் கடைசியில் எரிச்சல் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்று சொல்லி முடியாது. வீடு வரைக்கும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். லில்லி அன்ரியின் முற்றத்தில் நானும் ஒரு பிடி மண் எடுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

பெருநாள்

பெருநாள் அன்று காலையிலேயே வெக்கை. மாடத்தில் நாங்கள் நெருக்கி நின்றோம். அம்பிளிபயர் டெரன்ஸுடையது, அது சூடானால் தட்டிக்கொடுக்க வேண்டும், அதற்கு அவன்தான் சரி. எனவே அவன் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு இருந்தான். அவனுடைய பேஸும் சுவரோடு சாத்தியிருந்தது. அது ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆசைக்குக் கொண்டுவந்திருப்பான், பாவம் என்று நினைத்தேன்.

பூசை நன்றாகப் போனது. ஒரு கீச்சு இல்லை. சுவாமியாரின் தோள் இறங்கி, அவர் நிம்மதியாக நிற்பது மேலே இருந்தே தெரிந்தது.

நற்கருணை வாங்கும் நேரத்துப் பாட்டு நீளமானது. சனங்கள் வரிசையாகப் போய் முடியும் வரைக்கும் பாட வேண்டும். ரெஜினா அதைத் தனியாகப் பாடினாள், கண்ணை மூடிக்கொண்டு. பாதிப் பாட்டில் என் மோதிர விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. மூன்றாவது கம்பியின் சுற்று அறுந்து, புழு நெளிவது போலப் பிரிந்து எழும்பி நின்றது. கம்பி செத்துவிட்டது. அந்த இடத்துக்கு வேண்டிய சுரம் அதில்தான் இருந்தது. என் கை அந்தரத்தில் நின்றது.

பாட்டு நிற்கவில்லை. பேஸும் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்து அது வந்தது, ஒரு அடி தவறாமல். திரும்பிப் பார்த்தேன். டெரன்ஸ் முக்காலியில் இருந்தபடியே தன் பேஸை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். அம்பிளிபயரின் இரண்டாவது துளையில் அதைப் பூசை தொடங்க முதலே சொருகி வைத்திருக்கிறான். சத்தத்தைக் கூட்டும் திருகை மட்டும் திருப்பியிருக்கிறான். அன்று சுவாமியார் கேட்டபோது யன்னலை அதிரவைத்த அதே பேஸ். கம்பியின் அடியில் முன்கூட்டியே கைக்குட்டையை மடித்துச் செருகியிருந்தான்; இப்போது சத்தத்தைக் குறைத்து, என் பேஸ் எப்படிப் பேசுமோ அப்படியே பேச வைத்தான். நான் வெறும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்ததும் அவனிடம் குனிந்து, நான் தோற்றுப்போவேன் என்று முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

“உன்ன நம்பாம இல்ல மச்சான்,” என்றான். “அந்தக் கம்பியத்தான் நம்பேலாமக் கிடந்தது.”

புகழ்

கீழே சனங்கள் பீடத்தைப் பார்த்து நிற்பவர்கள். பின்னால் மாடத்தில் நடந்தது யாருக்கும் தெரியாது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். சுவாமியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேற்றிராணியாருக்கு அந்த நற்கருணைப் பாட்டு மிகவும் பிடித்துப்போனதாம். அதிலும் பின்பாதியில் பேஸ் இழைந்த விதம்!

அது டெரன்ஸ் வாசித்தது என்று சொன்னேன். உடனே சொன்னேன், உரக்கச் சொன்னேன். சுவாமியார் என் தோளில் தட்டி, அடக்கமான பிள்ளை என்றார். டெரன்ஸ் பக்கத்தில் நின்று, “இல்ல சுவாமி, அவன்தான்” என்றான். அதன் பிறகு நான் என்ன சொல்ல முடியும்? அடக்கத்துக்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

லில்லி அன்ரி என் கன்னத்தைக் கிள்ளினார். “கடைசிப் பகுதியில என்ட மகன் வாசிச்ச மாதிரியே கிடந்திச்சு மனே” என்றார். தாய்க்குத் தெரியாமல் போகுமா? ஆனால் அவரும் அதை நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்.

எரிச்சலுக்கு மருந்து, எரிச்சல்பட்டவனுக்கு அந்தப் பொருளைக் கொடுத்துவிடுவது என்று நினைத்திருந்தேன். எனக்கு அந்தப் பெருநாளே கிடைத்தது. புகழும் கிடைத்தது. அதெல்லாம் என் கையில் இருக்கும்போதுதான், அவனுக்கு என்மேல் ஒரு துளி எரிச்சல்கூட இல்லை என்பதைக் கண்டேன். அவனிடம் இருந்த பேஸ், கம்பி, கப்பல் மாமா எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அது எந்தக் கப்பலிலும் வராத சாமான்.

கழற்றாத கம்பி

சில வருடங்களில் டெரன்ஸ் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது. அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. போகும்போது பேஸை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். கம்பியைக் கழற்றாதே, அவிக்காதே, அது தன்பாட்டில் கிடக்கட்டும் என்று மட்டும் சொன்னான். இன்றைக்கும் அதில் அதே கம்பிதான். செத்துப்போகாத கம்பி. எடுத்து வாசித்தால் என் விரல்தான் அதில் ஓடுகிறது, சத்தம் அவனுடையது.

அதற்கும் முன்பே ரெஜினாவை நான் கல்யாணம் செய்துவிட்டேன். போன வாரம், உங்களுக்கு வேறு கதையே இல்லையா என்று கேட்டவள் அவள்தான்.

இத்தனை வருடமாக அந்தப் பெருநாளைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. மாடத்தில் எனக்கு ஓரடி முன்னால் நின்றாள். ஆனால் கண்ணை மூடியிருந்தாள், திரும்பவும் இல்லை. அவளுக்குத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். இந்த அத்தியாயத்தை எழுத வேண்டியிருந்ததால் நேற்றுக் கேட்டேன். அவள் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் ஆள் மாறியது தெரியுமா என்றேன்.

“ஓம், தெரியும்” என்றாள், கையை நிறுத்தாமல்.

கண்ணை மூடிக்கொண்டு எப்படித் தெரியும், சத்தத்திலும் வித்தியாசம் இல்லையே என்றேன்.

“சத்தத்தில இல்ல. நீங்க வாசிக்கக்குள்ள எங்கயும் பிழை விட்டிருவீங்களோ எண்டு பயந்து பயந்துதான் நான் எப்பவும் பாடுறது. அண்டைக்குப் பின்பாதியில அந்தப் பயம் இல்லாமப் பாடினன்.”

எனக்காக ஒருத்தி பயந்து பயந்து பாடியிருக்கிறாள். அதை நினைத்துச் சந்தோசப்பட்டால் போதும். நான் அந்தப் பின்பாதியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.